பழைய காரில் ஏசி மந்தமா? கேஸ் ஏற்றுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை பிறந்ததும் கார் ஏசி கடை வாசல்களில் பழைய ஆல்டோ, சான்ட்ரோ, இண்டிகா எல்லாம் வரிசை கட்ட ஆரம்பித்துவிடும். வண்டிக்காரர் சொல்வது ஒன்றுதான்: "காத்து வருது, குளிர்ச்சி இல்ல." கடைக்காரர் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "கேஸ் கம்மியா இருக்கும் சார், டாப் அப் பண்ணிடலாம்." 1,500 ரூபாயோ 2,000 ரூபாயோ கைமாறும். சில நாள் ஜில்லென்று இருக்கும். அக்னி நட்சத்திரம் வருவதற்குள் மறுபடி அனல் காற்று.

பெட்ரோல் எரிந்து தீர்ந்துபோகும். ஏசி கேஸ் அப்படி அல்ல. மூடிய குழாய்ச் சுற்றுக்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. கம்ப்ரஸர் அதை அழுத்துகிறது, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் அது வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது, எக்ஸ்பான்ஷன் வால்வ் வழியாகப் பீய்ச்சப்பட்டு டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகிக் குளிர்கிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஓ-ரிங் வழியாகவும் வருடத்துக்குக் கொஞ்சம் கசிவது இயல்புதான். ஏழெட்டு வருடம் கழித்து ஒரு தடவை கேஸ் ஏற்ற வேண்டி வந்தால் அதில் குற்றம் இல்லை. ஒரே கோடையில் இரண்டாவது தடவை ஏற்றுகிறீர்கள் என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அல்லது கோளாறு கேஸே இல்லை.

இரண்டாவது சாத்தியத்தை யாரும் யோசிப்பதில்லை. அதனால் கடைக்குப் போவதற்கு முன் வீட்டு வாசலிலேயே, காசு செலவில்லாமல், சிலவற்றைப் பார்த்துவிடலாம்.

காற்று குறைவா, குளிர்ச்சி குறைவா?

இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது மிகப் பரவலான தவறு. பிளோயரை நான்கில் வைத்தும் முகத்தில் காற்று மெல்லத்தான் படுகிறது, ஆனால் வரும் கொஞ்சக் காற்று சில்லென்றுதான் இருக்கிறது என்றால், கேஸ் சரியாக இருக்கிறது. காற்று போகும் வழிதான் அடைத்திருக்கிறது.

முதலில் கேபின் ஃபில்டர். பெரும்பாலும் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். இரண்டு கிளிப்பை அழுத்தினால் கையோடு வரும். பழைய சிறு கார்கள் பலவற்றில் ஃபில்டரே கிடையாது. அந்த வண்டிகளில் தூசி நேராகக் கூலிங் காயிலில் போய்ப் படியும். காயில் எப்போதும் ஈரமாக இருப்பதால் படிந்தது உதிராது. பத்து வருடம் ஓடிய வண்டியின் காயிலைக் கழற்றிப் பார்த்தால், காற்று உள்ளே நுழையும் பக்கத்தில் தூசியும் பஞ்சும் மகரந்தமும் வேப்பம்பூச் சருகும் சேர்ந்து, சாம்பல் நிறக் கம்பளி மாதிரி ஒட்டியிருக்கும். விரலால் உரித்தால் ஒரே தகடாக வரும். அதற்கு ஃபோம் ஸ்பிரே அடித்தால் வாடை போகும், அடைப்பு போகாது. காயிலை வெளியே எடுத்துக் கழுவினால்தான் வழி. சில வண்டிகளில் டேஷ்போர்டையே இறக்க வேண்டியிருக்கும், அதனால் கூலி கூடும். ஆனால் மூன்று டாப் அப் காசை அந்த ஒரு வேலைக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

இன்னொரு வகை உண்டு. கிளம்பும்போது நன்றாகக் குளிர்கிறது. செங்கல்பட்டு தாண்டி ஒரு மணி நேரம் போனதும் காற்று குறைந்துகொண்டே வந்து ஏறக்குறைய நின்றுவிடுகிறது. வண்டியை ஓரம் கட்டி டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி சரியாகிவிடுகிறது. இது காயிலில் பனிக்கட்டி உறைவதன் அடையாளம். அந்த நேரத்தில் ஏசி பட்டனை மட்டும் அணைத்து, பிளோயரை ஓடவிட்டுப் பாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பனி கரைந்து காற்று திரும்பி வந்தால் சந்தேகமே வேண்டாம். பெரும்பாலும் காயிலின் குளிரை அளக்கும் தெர்மோஸ்டாட் அல்லது சென்சார் கெட்டிருக்கும். காயிலில் படிந்த அழுக்காலும் பனி உறையும், கேஸ் குறைவாலும் உறையும். "இன்னும் கூலிங் வரட்டும்" என்று தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு ஒயரை நேராக இணைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. வேண்டாம். உறைந்த காயிலில் ஆவியாகாமல் மிஞ்சும் திரவம் கம்ப்ரஸருக்குள் போகும். ஆவியை அழுத்தத்தான் கம்ப்ரஸர். திரவம் நுழைந்தால் அதன் உள்பாகங்கள் உடையும்.

சிக்னலில் சூடு, ஓட்டத்தில் குளிர்ச்சி

நகரத்தில் ஓடும் பழைய வண்டிகளில் அதிகம் பார்ப்பது இதுதான். கத்திப்பாராவில் நெரிசலில் நிற்கும்போது அனல் காற்று, பாலம் ஏறி வேகம் பிடித்ததும் குளிர்ச்சி. வேகத்தில் போகும்போது கண்டென்சரில் காற்று தானாக மோதுகிறது. நிற்கும்போது அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும், அது செய்யவில்லை. ஏசியைப் போட்டு, பானெட்டைத் திறந்து, ஃபேன் ஓடுகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஓடினால் மட்டும் போதாது, முழு வேகத்தில் ஓடுகிறதா என்பதும் முக்கியம். கார்பன் பிரஷ் தேய்ந்த ஃபேன் மோட்டார் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருக்கும், பார்ப்பவருக்கு ஓடுவது போலத்தான் தெரியும்.

ஃபேன் சரி என்றால் ஒரு சோதனை. வண்டியை நிறுத்தி வைத்து ஏசியை ஓடவிட்டு, முன் கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். கை ஃபேன் பக்கம் போகக் கூடாது, ஒயரிங் நனையக் கூடாது. இரண்டு நிமிடத்துக்குள் உள்ளே காற்று சட்டென்று குளிர்ந்தால் வெப்பம் வெளியேறாததுதான் பிரச்சினை. கேஸ் மீது பழி போட வேண்டாம். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள இடுக்கில் மண்ணும் பூச்சியும் அடைந்திருக்கும். வாட்டர் வாஷ்காரர் முன்னாலிருந்து அழுத்தமாகப் பீய்ச்சினால் அழுக்கு இன்னும் உள்ளே போகும், மெல்லிய அலுமினியத் தகடுகளும் மடங்கிப்போகும். சாதாரண ஹோஸில், பின்பக்கமிருந்து முன்பக்கமாக, பொறுமையாகக் கழுவ வேண்டும்.

இதோடு சேர்த்து இன்ஜின் வெப்பத்தையும் கவனியுங்கள். கூலன்ட்டுக்குப் பதிலாக வருடக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றி வந்த வண்டியில் ரேடியேட்டர் உப்புப் படிந்து அடைத்திருக்கும். இன்ஜின் சூடு எல்லை தாண்டினால் பல வண்டிகளில் கம்ப்யூட்டரே ஏசி கம்ப்ரஸரை நிறுத்திவிடும். ஏசி கெட்டுவிட்டது என்று நினைப்போம், உண்மையில் அது இன்ஜினைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்.

யாரும் பார்க்காத ஹீட்டர்

நம் ஊரில் ஹீட்டரை யார் போடுகிறார்கள்? அதனாலேயே அதை மறந்துவிடுகிறோம். ஆனால் ஹீட்டர் இருக்கும் வண்டிகளில் கொதிக்கும் இன்ஜின் தண்ணீர் டேஷ்போர்டுக்குள் வரை வந்து போகிறது. சூட்டுக் குமிழைக் குளிர்ச்சிப் பக்கம் முழுவதும் திருப்பினாலும், அதோடு இணைந்த கேபிள் தளர்ந்திருந்தால் உள்ளே மூடி கால்வாசி திறந்தே இருக்கும். ஒரு பக்கம் காயில் குளிர்விக்கிறது, மறு பக்கம் ஹீட்டர் சூடேற்றுகிறது. இதைக் கண்டுபிடிக்க பானெட்டுக்குள் ஏசி குழாயைத் தொட்டுப் பாருங்கள். டேஷ்போர்டிலிருந்து வெளியே வரும் தடித்த குழாய் நன்றாகச் சில்லிட்டு வியர்த்திருக்கிறது, உள்ளே காற்று மட்டும் மிதமாக இருக்கிறது என்றால் குளிர்ச்சி உற்பத்தி ஆகிறது, வழியில் வீணாகிறது. கேபிளை இழுத்து மாட்டுவது பத்து நிமிட வேலை.

வெளிக்காற்று லீவரும் இதே ரகம். வண்டிக்குள் இருக்கும் காற்றையே சுற்றவிடும் உள்சுழற்சிக்கு அது திரும்பாமல் சிக்கியிருந்தால், 40 டிகிரி வெளிக்காற்றை ஓயாமல் குளிர்விக்கும் வேலை அந்தச் சின்ன காயில் தலையில் விழும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் காற்றின் ஈரத்தைத் தண்ணீராக்குவதற்கே குளிர்ச்சியில் பெரும்பகுதி செலவாகிவிடும். வண்டிக்கு அடியில் சொட்டும் தண்ணீர் அதுதான், கேஸ் லீக் அல்ல. அந்தத் தண்ணீர் வெளியே சொட்டாமல் இடப்பக்கக் கால்மிதியில் தேங்கினால் வடிகுழாய் அடைத்திருக்கிறது.

கம்ப்ரஸரை மாற்றச் சொன்னால்

காலையில் வேலை செய்து, மதியம் அரை மணி ஓட்டத்துக்குப் பின் நின்று, சாயங்காலம் மறுபடி வேலை செய்யும் ஏசிக்குக் கம்ப்ரஸர் போய்விட்டது என்று தீர்ப்பெழுதுவது வழக்கம். பல நேரம் குற்றவாளி அதன் முன்னால் இருந்து, பெல்ட்டின் சுழற்சியைக் கம்ப்ரஸரோடு இணைக்கும் மேக்னெட்டிக் கிளட்ச். ஏசி போட்டதும் "டக்" என்று ஒரு சத்தம் கேட்குமே, அது கிளட்ச் தட்டு காந்தத்தால் இழுக்கப்பட்டு ஒட்டும் சத்தம். வருடங்கள் ஓட ஓடத் தட்டு தேய்ந்து இடைவெளி கூடும். சூடேறினால் காந்தச் சுருளின் இழுவை குறையும், அந்த இடைவெளியைத் தாண்டி இழுக்க முடியாது. இடைவெளி சுமார் அரை மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் மெல்லிய வளையம் ஒன்றை எடுத்தாலே சரியாகிவிடுவது உண்டு. ஏசி போட்ட உடன் பெல்ட் கீச்சிட்டால் அதையும் முதலில் பாருங்கள்.

கம்ப்ரஸரே பலவீனமா என்பதை அழுத்தம் அளக்கும் கேஜ் காட்டிவிடும். உறிஞ்சும் பக்க அழுத்தம் கூடியும், தள்ளும் பக்க அழுத்தம் குறைந்தும் இருந்தால் அது அழுத்தவில்லை. இரண்டு பக்கமும் குறைவு என்றால் கேஸ் இல்லை. இரண்டும் எகிறி நின்றால் கேஸ் அதிகம், அல்லது கண்டென்சர் ஆறவில்லை, அல்லது சுற்றுக்குள் காற்று புகுந்திருக்கிறது. இரண்டு கேஜையும் பார்க்காமல் கம்ப்ரஸரை மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

கேஸ் கடையில்

இத்தனையும் பார்த்த பிறகு உண்மையிலேயே கேஸ்தான் குறைவு என்று வந்தால், அங்கேயும் சில பொறிகள் உண்டு. சிறிய காரின் முழுக் கொள்ளளவே பெரும்பாலும் அரைக் கிலோவைச் சுற்றித்தான். பானெட்டின் உள்பக்க ஸ்டிக்கரில் கிராம் கணக்கு போட்டிருக்கும். இருப்பது எவ்வளவு என்று தெரியாமல் மேலே ஏற்றுவது குருட்டு வேலை. இன்ஜின் அணைந்திருக்கும்போது கேஜில் 110 பி.எஸ்.ஐ. அழுத்தம் காட்டுகிறதே, கேஸ் போதுமான அளவு இருக்கிறது என்று சொன்னால் நம்ப வேண்டாம். இந்த வண்டிகளின் ஏசியில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ் திரவமாகக் கொஞ்சம் மிச்சம் இருந்தாலே 35 டிகிரி வெயிலில் அந்த அழுத்தம்தான் காட்டும், மிச்சம் கொஞ்சமாக இருந்தாலும் அதிகமாக இருந்தாலும். மிச்சத்தை முழுவதும் வெளியே எடுத்து, வேக்யூம் போட்டு (பம்பால் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து), எடை பார்த்து ஏற்றுவதே முறை. அதிகம் ஏற்றினால் குளிர்ச்சி கூடாது, குறையும்.

குறைந்த கேஸோடு "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று விடுவதும் கூடாது. கம்ப்ரஸருக்கான எண்ணெய் கேஸோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. கேஸ் இல்லையென்றால் எண்ணெயும் போய்ச் சேராது. அழுத்தம் சுமார் 2 பாருக்கு (ஏறக்குறைய 29 பி.எஸ்.ஐ.) கீழே இறங்கினால் கம்ப்ரஸரை நிறுத்தப் பிரஷர் சுவிட்ச் வைத்திருப்பதே அதற்காகத்தான். அதை ஷார்ட் செய்து ஓட்டினால் கம்ப்ரஸர் இறுகிவிடும்.

ஓட்டையைத் தேடும்போது எண்ணெய்ப் பிசுக்கைத் தேடுங்கள். கேஸ் கண்ணுக்குத் தெரியாது, அதோடு கசியும் எண்ணெய் தெரியும்; அதில் தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். கேஸ் ஏற்றும் முனையின் பிளாஸ்டிக் மூடி தொலைந்து, உள்ளே இருக்கும் ஊசி வால்வு கசிவதும் சகஜம். ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவங்கள் பக்கம் போகாதீர்கள். அவை எக்ஸ்பான்ஷன் வால்வின் மெல்லிய துவாரத்தையும் சேர்த்தே அடைக்கும். சுற்றைத் திறந்து வேலை பார்த்தால் ஓ-ரிங்குகளும் ட்ரையரும் புதிதாக வேண்டும். ட்ரையர் ஈரத்தை உறிஞ்சும் பாகம். திறந்து கிடந்தால் வெளிக்காற்றின் ஈரத்தையே குடித்து நிறைந்துவிடும். வேக்யூம் அரை மணி நேரமாவது ஓட வேண்டும், பம்பை நிறுத்திய பிறகு கேஜ் முள் ஏறுகிறதா என்று பத்து நிமிடம் பார்க்க வேண்டும். ஏறினால் ஓட்டை இன்னும் இருக்கிறது.

மலிவு கேஸ் விஷயத்தில் சிக்கனம் ஆபத்து. ஆர்-134ஏ என்ற பெயரில் எரியக்கூடிய ஹைட்ரோகார்பன் கேஸ் ஏற்றினால் குளிர்ச்சி நன்றாகவே இருக்கும். காயிலில் கசிந்தால் அது உங்கள் இருக்கைக்கு முன்னால் நிற்கும். 2011-ல் கப்பல் சரக்குக் குளிர்பெட்டிகள் சில வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள்; கலப்படக் கேஸில் இருந்த மெத்தில் குளோரைடு அலுமினியத்தோடு வினைபுரிந்ததே காரணம். கார் ஏசியிலும் கண்டென்சர், காயில் எல்லாம் அலுமினியம்தான்.

வேலை முடிந்ததும் எத்தனை கிராம் ஏற்றினார்கள் என்பதைப் பில்லில் எழுதி வாங்கி வண்டியிலேயே வையுங்கள். அடுத்த கோடையில் குளிர்ச்சி குறைந்தால், கேஸ் எடுக்கும் மிஷின் வைத்திருக்கும் கடைக்குப் போய், வண்டியில் இருக்கும் கேஸை வெளியே எடுத்து எடை பார்க்கச் சொல்லுங்கள். பில்லில் இருக்கும் எடையும் இதுவும் ஏறக்குறைய சமம் என்றால் கேஸுக்குக் காசு கொடுக்காமல் ஃபேனையும் காயிலையும் பார்க்கச் சொல்லலாம். பாதிதான் இருக்கிறது என்றால் ஓட்டையைக் கண்டுபிடிக்கும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.