நீண்ட பணி வரலாற்றை விண்ணப்பப் படிவத்தில் சரியாக நிரப்புவது எப்படி?

இருபது முப்பது ஆண்டுகளாகப் பல இடங்களில் வேலை பார்த்த ஒருவர் புதிய வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, திறமையைப் பற்றிய கேள்விகளை எளிதில் எழுதிவிட்டு, ‘சேர்ந்த தேதி, விலகிய தேதி’ என்ற இரண்டு கட்டங்களுக்கு முன்னால் திகைத்து நின்றுவிடுகிறார். அந்த வேலையில் என்ன செய்தோம், யாரிடம் கற்றுக்கொண்டோம், ஏன் விலகினோம் என்பதெல்லாம் தெளிவாக நினைவிருக்கும். மாதமும் ஆண்டும் மட்டும் பிடிபடாது. இதற்காக யாரும் தம்மைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை, ஏனெனில் படிவம் கேட்கும் வரிசையும் நினைவு தன்னிடம் உள்ளதைத் தரும் வரிசையும் வேறு வேறு. படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிப்பதை விட்டுவிட்டு, நினைவுக்கு ஏற்ற வரிசையில் ஒரு மூலப் பதிவை ஒரே ஒருமுறை தயாரித்துக்கொண்டு, பிறகு எல்லாப் படிவங்களையும் அதிலிருந்தே நிரப்புவதுதான் நிலையான தீர்வு.

நெதர்லாந்து உளவியலாளர் வில்லெம் வாகெனார் தம் வாழ்வில் நடந்தவற்றை ஆறு ஆண்டுகள் நாள்தோறும் குறித்து வைத்து, ஏறத்தாழ 2,400 நிகழ்வுகளைக் கொண்டு தம் நினைவையே சோதித்துப் பார்த்து, அதன் முடிவுகளை 1986-இல் வெளியிட்டார். என்ன நடந்தது என்ற குறிப்பைக் கண்டதும் மற்ற விவரங்கள் நினைவுக்கு வந்தன. யார் உடனிருந்தார், எங்கே நடந்தது என்ற குறிப்புகளும் ஓரளவு உதவின. எப்போது நடந்தது என்ற குறிப்பு மட்டும் தனியாக ஏறக்குறைய எந்தப் பயனும் தரவில்லை. ‘2007-இல் நான் எங்கே வேலை பார்த்தேன்?’ என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது ஏன் இவ்வளவு சோர்வூட்டுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

ஆகவே முதல் அமர்வில் தேதிகளைத் தொடவே வேண்டாம். ஒரு வேலைக்கு ஒரு தாள் வீதம் எடுத்துக்கொண்டு, எது மிகத் தெளிவாக நினைவிருக்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். அது முதல் வேலையாகவும் இருக்கலாம், நடுவில் வந்ததாகவும் இருக்கலாம். அங்கே நீங்கள் அன்றாடம் செய்த வேலை, பயன்படுத்திய இயந்திரம் அல்லது மென்பொருள், பக்கத்து இருக்கையில் இருந்தவர், அப்போது குடியிருந்த வீடு, வேலைக்குப் போய்வந்த வழி, அந்த வேலை இருப்பதாக முதலில் சொன்னவர், விலகும்போது உங்கள் பொறுப்புகளை ஏற்றுக்கொண்டவர் என்று வாய்க்கு வந்தபடி எழுதிக்கொண்டே போங்கள். இவை எதுவும் படிவத்தில் இடம்பெறப் போவதில்லை. ஆனாலும் ஒவ்வொன்றும் அடுத்ததை இழுத்து வரும்; குடியிருந்த வீடு நினைவுக்கு வந்தால் அதன் வாடகை ஒப்பந்தம் நினைவுக்கு வரும், அந்த ஒப்பந்தத்தில் தேதி இருக்கும்.

இரண்டாவது அமர்வில் தாள்களை முன்பின் வரிசையில் அடுக்குங்கள். எந்த ஆண்டு என்று தெரியாவிட்டாலும், கிடங்கு வேலைக்குப் பிறகுதான் அலுவலக வேலை என்பது பெரும்பாலும் ஐயமில்லாமல் தெரிந்திருக்கும். பிறகு ஓர் அகலமான தாளில் ஆண்டுகளை வரிசையாக எழுதி, ஐயத்துக்கு இடமில்லாத குடும்ப நிகழ்வுகளை மேல் வரியில் குறியுங்கள்: திருமணம், குழந்தைகளின் பிறப்பு, அவர்கள் பள்ளியில் சேர்ந்த ஆண்டு, வீடு மாறியது, அறுவை சிகிச்சை, வெளிநாட்டுப் பயணம். அதற்குக் கீழே வேலைகளைப் பொருத்திப் பாருங்கள். சமூகவியல் ஆய்வாளர்கள் மக்களின் பழைய வேலைகளையும் குடியிருப்புகளையும் கேட்டறிய இதே முறையில் வாழ்க்கை வரலாற்று நாட்காட்டிகளைப் பயன்படுத்துகிறார்கள். மகள் பிறந்தபோது எந்த நிறுவனத்தில் விடுப்பு எடுத்தோம் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் உடனே விடை வந்துவிடும். அந்த விடையோடு, மறுக்க முடியாத ஒரு தேதியும் சேர்ந்தே வரும்.

இந்தக் கட்டத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய நிகழ்வுகளை நடந்த காலத்தைவிடச் சமீபத்தில் நடந்தவையாகச் சொல்லும் போக்கு மனிதர்களிடம் உண்டு. வீட்டுப் பழுதுபார்ப்புச் செலவுகளைப் பற்றி அமெரிக்கக் குடும்பங்களிடம் கேட்டு ஆராய்ந்த ஜான் நெட்டரும் ஜோசப் வாக்ஸ்பெர்க்கும் 1964-இலேயே இந்தப் பிழையை விரிவாகப் பதிவு செய்தார்கள். அதனால் ‘முடிந்து ஏழெட்டு ஆண்டுகள் இருக்கும்’ என்று மனம் சொல்லும் ஒரு வேலை உண்மையில் பத்தாண்டுகளுக்கு முன் முடிந்திருந்தால் வியப்படைய வேண்டாம். நினைவும் ஆவணமும் முரண்படும்போது ஆவணத்தின் பக்கம் சாய்வதே பெரும்பாலும் சரி.

இனி ஆவணங்கள். பணி நியமன ஆணை, பணிவிடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்றிதழ் ஆகிய மூன்றும் இருந்தால் அந்த வேலையைப் பற்றி மேலும் தேட வேண்டியதில்லை. ஆனால் நியமன ஆணையில் இருப்பது சில நேரங்களில் ஆணை வழங்கிய தேதிதான், வேலையில் சேர்ந்த தேதி அன்று. இரண்டையும் பிரித்துப் படிக்க வேண்டும். இவை கிடைக்காவிட்டால் பழைய தன்விவரக் குறிப்புகளைத் தேடுங்கள். அவற்றுள் எது மிகப் பழையதோ அதற்கே மதிப்பு அதிகம், ஏனெனில் அது அந்த வேலை முடிந்த சூட்டோடு எழுதப்பட்டது. அதற்கு அடுத்தது மின்னஞ்சல். ஜிமெயில் 2004-இல் தொடங்கியது; நீங்கள் அதன் தொடக்க காலப் பயனர் என்றால் இருபது ஆண்டுக்கால வேலை வரலாறே அதற்குள் கிடக்கக்கூடும். நிறுவனத்தின் பெயரோடு ‘நேர்காணல்’, ‘ராஜினாமா’, ‘கடைசி நாள்’ போன்ற சொற்களை, அப்போது நீங்கள் எழுதிய மொழியிலேயே கொடுத்துத் தேடுங்கள். புகைப்படக் கோப்புகளில் பதிந்திருக்கும் தேதியும் உதவும். ஆனால் வாட்ஸ்அப் வழியாக வந்த படங்களில் எடுத்த தேதி நீங்கிவிடும் என்பதால், அவற்றில் தெரியும் தேதியை நம்ப வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதும் மதிப்பது வங்கிக் கணக்கின் வரவு செலவுப் பட்டியலை. ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஒருவர் ஒரு கிடங்கில் ‘2010-இல் சேர்ந்தேன்’ என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய பட்டியலில் அந்த நிறுவனத்தின் முதல் வரவு 2009 அக்டோபர் 31 அன்று பதிவாகியிருக்கிறது. நவம்பரில் வந்த முழுச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அந்த முதல் தொகை பாதிக்குச் சற்று மேலே, அதாவது 31-இல் 17 பங்கு. அக்டோபரில் 31 நாட்கள். கடைசி 17 நாட்களுக்குச் சம்பளம் என்றால் அவர் சேர்ந்தது அக்டோபர் 15. நியமன ஆணை தொலைந்துபோன நிலையிலும் ஒரே ஒரு வரி, நாளையே கிட்டத்தட்டச் சொல்லிவிடுகிறது. இந்தக் கணக்கைப் போடுமுன் இரண்டு செய்திகளைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பல நிறுவனங்கள் ஒரு மாதச் சம்பளத்தை அடுத்த மாதத்தின் முதல் வாரத்தில்தான் போடும். சில, எல்லா மாதங்களையும் 30 நாட்களாகவோ வேலை நாட்களை மட்டுமோ எண்ணும். விலகிய தேதிக்கு இதே முறையைக் கண்மூடிப் பின்பற்றக் கூடாது, ஏனெனில் இறுதிக் கணக்குத் தீர்க்கும் தொகை, விலகிப் பல வாரங்கள் கழித்து வருவது உண்டு. கடைசி வரவின் தேதியே கடைசி நாள் என்று எண்ணினால் இல்லாத ஒரு மாதம் அனுபவத்தில் சேர்ந்துவிடும். வங்கிகள் பழைய பட்டியல்களை என்றைக்கும் வைத்திருப்பதில்லை என்பதால், கிடைக்கும் ஆண்டுகளுக்கு உரியவற்றை இன்றே பதிவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

அரசுப் பதிவேடுகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். இந்தியாவில் வருங்கால வைப்பு நிதி உறுப்பினர்களுக்கு 2014 முதல் யுஏஎன் எனப்படும் பொதுக் கணக்கு எண் வழங்கப்படுகிறது. அந்த எண்ணைக் கொண்டு வைப்பு நிதி அமைப்பின் இணையதளத்தில் நுழைந்தால், வேலை பார்த்த நிறுவனங்களும் சேர்ந்த, விலகிய தேதிகளும் பணி வரலாறாகக் கிடைக்கும். அந்த எண்ணோடு இணைக்கப்படாத பழைய கணக்குகள் அதில் தெரியாமல் போகலாம். பிரிட்டனில் வருவாய்த் துறையிடம் பணி வரலாற்றைக் கேட்டுப் பெறலாம். அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் வழக்கமான அறிக்கையில் ஆண்டு வருமானம் மட்டுமே இருக்கும். நிறுவனங்களின் பெயரும் வேண்டுமென்றால் எஸ்எஸ்ஏ-7050 படிவத்தில் கட்டணம் செலுத்திக் கேட்க வேண்டும். வேறு நாடுகளில் இருப்பவர்கள், தங்கள் சம்பளத்தில் வரியோ ஓய்வூதியப் பங்களிப்போ பிடித்தம் செய்த அமைப்பு எது என்று யோசித்தால் போதும்; பதிவு அங்கேதான் இருக்கும்.

முன்னாள் நிறுவனத்திடமே கேட்பதற்குத் தயங்க வேண்டாம். மனிதவளத் துறைக்கு, உங்கள் முழுப்பெயர், பணியாளர் எண், வேலை பார்த்த பிரிவு ஆகியவற்றைக் குறிப்பிட்டு, சேர்ந்த தேதியையும் விலகிய தேதியையும் மட்டும் உறுதிப்படுத்தித் தருமாறு சுருக்கமாக எழுதினால் பதில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். நிறுவனம் மூடப்பட்டிருந்தாலோ பெயர் மாறியிருந்தாலோ, நிறுவனப் பதிவாளரின் இணையதளத்தில் பழைய பெயரைத் தேடிப் பார்க்கலாம். படிவத்தில் நீங்கள் வேலை பார்த்தபோது இருந்த பெயரை எழுதி, ‘தற்போது இன்ன பெயரில் இயங்குகிறது’ என்றோ ‘இன்ன ஆண்டில் மூடப்பட்டது’ என்றோ பக்கத்தில் குறிப்பிடுங்கள். சரிபார்ப்பவருக்கு அது பெரிய உதவி.

படிவத்தில் எழுதும்போது மிகுதியாகக் குழப்பம் வருவது ஒப்பந்த வேலைகளில்தான். ஒரு முகமை சம்பளம் கொடுத்து வேறொரு நிறுவனத்தில் அமர்த்தியிருந்தால், உங்களுக்கு வேலை கொடுத்தவர் அந்த முகமைதான். பணியாற்றிய நிறுவனத்தைப் பணிவிவரத்தில் எழுதலாமே தவிர, நிறுவனத்தின் பெயர் கேட்கும் கட்டத்தில் எழுதக் கூடாது. பெரிய நிறுவனத்தின் பெயர் மதிப்புத் தரும் என்ற எண்ணத்தில் அதை எழுதிவிட்டால், அந்த நிறுவனம் ‘இப்படி ஒருவர் எங்கள் பட்டியலில் இல்லை’ என்று பதில் சொல்லும், உண்மையாக உழைத்தவர் பொய் சொன்னவராகத் தெரிவார். ஒரே நிறுவனத்தில் பல பதவிகளில் இருந்தவர்கள், இடம் இருந்தால் ஒவ்வொரு பதவிக்கும் தனி வரி எழுதலாம்; இல்லாவிட்டால் மொத்தக் காலத்தையும் கடைசிப் பதவியையும் எழுதினால் போதும். சொந்தத் தொழிலும் வேலைதான். அதற்குரிய காலத்தைக் காலியாக விட வேண்டாம்.

ஒரு வேலைக்கும் அடுத்ததற்கும் இடையில் விழுந்த இடைவெளியை மறைக்க, முன்வேலையை இரண்டு மாதம் நீட்டியும் பின்வேலையை இரண்டு மாதம் முன்தள்ளியும் எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். பெற்றோரைக் கவனித்துக்கொண்டதும் உடல்நலமின்றி இருந்ததும் படித்ததும் வேலை தேடியதும் வெட்கப்பட வேண்டியவை அல்ல. ஒரே வரியில் எழுதிவிடக்கூடியவை. திருத்திய தேதிகள்தான் பின்னணிச் சரிபார்ப்பில் சிக்கும்.

எவ்வளவு தேடியும் நாள் கிடைக்காவிட்டால் மாதமும் ஆண்டும் எழுதி, தோராயமானது என்று குறிப்பிடுங்கள். இணையப் படிவம் நாளைக் கட்டாயமாகக் கேட்டால், மாதத்தின் முதல் நாளைத் தேர்ந்தெடுத்து, கூடுதல் குறிப்புகள் எழுதும் இடத்தில் அதைச் சொல்லிவிடுங்கள். உங்கள் மூலப் பதிவிலும் எந்தத் தேதி ஆவணத்திலிருந்து வந்தது, எது ஊகம் என்று தனித்தனியாகக் குறித்து வையுங்கள், ஏனெனில் சில ஆண்டுகளில் ஊகமும் உறுதியான உண்மைபோலத் தோன்றத் தொடங்கிவிடும்.

படிவம் எவ்வளவு காலத்தைக் கேட்கிறது என்பதையும் நிதானமாகப் படிக்க வேண்டும். தன்விவரக் குறிப்பில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது உங்கள் விருப்பம். ‘அனைத்துப் பணிகளையும் குறிப்பிடுக’ என்று கேட்டு, தகவல்கள் முழுமையானவை என உறுதிமொழியும் வாங்கும் படிவத்தில் அந்த உரிமை இல்லை. அமெரிக்க அரசின் பாதுகாப்பு அனுமதிக்கான எஸ்எஃப்-86 படிவம் 10 ஆண்டு வேலை விவரங்களை இடைவெளியின்றிக் கேட்கிறது. பிரிட்டன் அரசுப் பணிகளுக்கான அடிப்படைச் சரிபார்ப்பு 3 ஆண்டுகளைப் பார்க்கிறது. சாதாரணத் தனியார் நிறுவனத்தின் படிவம் கடைசி மூன்று வேலைகளோடு நின்றுவிடலாம். கேட்டதற்கு மட்டும் முழுமையாகப் பதில் எழுதுங்கள்.

மூலப் பதிவை எக்செல் கோப்பாக வைத்துக்கொள்வது வசதி: நிறுவனத்தின் அன்றைய பெயரும் முகவரியும், பதவி, இரண்டு தேதிகள், ஆதாரம், மேலதிகாரியின் பெயர், விலகிய காரணம் ஒரே வாக்கியத்தில். அனுப்பிய ஒவ்வொரு விண்ணப்பத்தின் நகலையும் அனுப்பிய தேதியோடு அதே கோப்புறையில் சேமியுங்கள்; அதே நிறுவனத்துக்கு மீண்டும் விண்ணப்பிக்கும்போது பழைய விவரத்தையும் புதியதையும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடும், இடையில் ஏதேனும் தேதியை நீங்கள் திருத்தியிருந்தால் அதற்கான ஆவணத்தைக் கையோடு காட்டிவிடலாம்.