விளையில் எதிர்ப்படும் பாம்பு: அதன் உடல்மொழியைப் படிக்கும் முறை

பாம்பின் உடல்மொழியைக் கற்க ஒன்றைப் பிடித்து வளர்க்கலாமா என்று இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்குத் தேவையும் இல்லை. ரப்பர் தோட்டமும் தென்னை விளையும் (தோப்பும்) வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கும் குமரி மாவட்டத்தில், கதம்பைக் (தேங்காய் மட்டை) குவியலைக் கிளறுபவர் என்றாவது ஒரு பாம்பை நேரில் பார்க்காமல் இருக்க மாட்டார்.

முதலில், கண்ட இடத்திலேயே அசையாமல் நில்லுங்கள். பாம்புக்கு வெளிக்காது இல்லை. தரையின் அதிர்வும் கண்முன் நிகழும் அசைவும்தான் அதை மிகவும் கலவரப்படுத்துகின்றன. தன் நீளத்தில் பாதி தூரம் வரை அது பாய்ந்து கொத்தக்கூடும் என்பதால், மெல்லப் பின்வாங்கி, அதன் முழு நீளத்தைப் போல் இரு மடங்கு தள்ளி நின்று கவனியுங்கள்.

அடுத்து நாக்கைப் பாருங்கள். நாக்கை நீட்டுவது சினத்தின் அடையாளம் அன்று. காற்றிலுள்ள வாசனையைத் தொட்டெடுத்து மேலண்ணத்திலுள்ள உறுப்புக்குக் கொண்டுசெல்கிறது, அவ்வளவுதான். உடல் தளர்ந்து நீண்டு கிடக்க நாக்கு மட்டும் வந்து போனால் அது சுற்றுப்புறத்தை அறிந்துகொண்டிருக்கிறது. கழுத்தைப் பின்னிழுத்துக் கொக்கி போல் வளைத்தால், கொத்த ஆயத்தமாகிவிட்டது.

மூன்றாவது கழுத்து, பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். ஒரு மழைநாள் மாலையில் எங்கள் கிணற்றடியில் ஒரு பாம்பு கழுத்தைப் புடைத்து உறுமியபோது, நல்லபாம்பு என்று நடுங்கி வீட்டார் அதை அடித்துக் கொன்றுவிட்டார்கள். அருகில் சென்று பார்த்தபோது உதட்டோரம் கறுப்புக் கோடுகள் தெரிந்தன: எலி பிடிக்க வந்த சாரை. அந்த வருத்தம் இன்னும் எனக்குண்டு. நல்லபாம்பு விலா எலும்புகளை விரித்துக் கழுத்தைப் பக்கவாட்டில் அகலமாக்கும். சாரையின் கழுத்தோ பக்கவாட்டில் ஒடுங்கித் தொண்டைப்புறம் கீழ்நோக்கிப் புடைக்கும்.

கண்ணாடி விரியன் உடலைச் சுருட்டி, குக்கரில் ஆவி பீறிடுவது போல் விடாமல் சீறும். கட்டுவிரியனிடம் அந்த எச்சரிக்கையை எதிர்பார்க்கக் கூடாது. பகலில் தலையைச் சுருளுக்குள் மறைத்துக்கொண்டு மந்தமாகக் கிடப்பது இரவில் சுறுசுறுப்பாகிவிடும். ரப்பர் பால் வெட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது, மூக்கு நுனி மேலெழும்பிய சிறிய குழிவிரியனை. சருகின் நிறத்திலேயே கிடக்கும் அது, உடலைத் தட்டையாக்கி வால் நுனியை அதிரச் செய்வதே நமக்குக் கிடைக்கும் குறிப்பு. இந்தியாவில் தரப்படும் விஷமுறிவு மருந்து இதன் நஞ்சுக்காகச் செய்யப்பட்டதன்று என்பதால், கால்மூடிய காலணியில்லாமல் சருகில் இறங்க வேண்டாம்.

இரண்டு பாம்புகள் முறுக்கிக்கொண்டு எழுந்து நின்றால், நல்லபாம்பும் சாரையும் பிணைவதாக எண்ணி மேலே வேட்டியை வீசுபவர்கள் உண்டு. பெரும்பாலும் அவை இரண்டு ஆண் சாரைகள். ஒன்றின் தலையை மற்றொன்று தரையில் அழுத்த முயலும் மல்யுத்தம் அது. தோற்றது தானே விலகிப் போய்விடும்.

பாம்பு நிலைப்படி தாண்டி உள்ளே வந்துவிட்டால் 101ஐ அழைத்துத் தீயணைப்பு மீட்புப் படையினரிடம் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை ஒருவர் தள்ளி நின்று பார்வையை எடுக்காமல் இருந்து, எந்த மூலைக்குள் நுழைந்தது, சீறியதா, சுருண்டதா, கழுத்தை எப்படி விரித்தது என்பதை வந்தவுடன் அவர்களிடம் தெரிவிக்க வேண்டும்.