ஒரே தேயிலைத் தூள், பல ஊர்ப் பால் தேநீர்

தே தாரிக் என்பது பால் தேநீரை ஒரு மங்கிலிருந்து இன்னொன்றுக்கு உயரத்திலிருந்து ஊற்றி, நுரை வர 'இழுத்து'ப் போடுகிற மலேசியத் தேநீர். வீட்டில் எப்படிப் போட்டாலும் கடைத் தே தாரிக் மாதிரி வரமாட்டேன் என்கிறதே என்று சொல்லாத ஆள் மலேசியாவின் பேராக்கில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் குறைவு. சாயம், அதாவது தேயிலை வடிநீர், பற்றவில்லை, அவ்வளவுதான் காரணம். தேயிலைப் பையை வெந்நீரில் இரண்டு முக்கு முக்கி, மேலே டின் பாலை ஊற்றினால் பால் ருசிதான் வரும். சாயத்தைச் சரியாக இறக்கக் கற்றுக்கொண்டால் அதே சாயத்தில் ஹாங்காங் தேநீரும் போடலாம், தாய்லாந்துக்காரர்கள் குடிக்கிற மாதிரியும் போடலாம்.

முதலில் நம்முடையது. இலைத் தேயிலை வேண்டாம், டஸ்ட் தூள் வாங்குங்கள். கேமரன் மலையில் 1929-இல் தொடங்கிய போ தோட்டத்துத் தூள் எல்லா மளிகைக் கடையிலும் கிடைக்கும். 2 கிளாஸுக்கு 400 மில்லி தண்ணீர், 3 மேசைக்கரண்டி தூள். கைப்பிடி வைத்த துணிப்பையில் தூளைப் போட்டு, தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை அதன்மேல் ஊற்றி, மூடி, 5 நிமிடம் விடுங்கள். அப்புறம் அந்தச் சாயத்தையே பையில் இன்னும் ஒருமுறை ஊற்றி வடியுங்கள். பையைச் சோப்புப் போட்டுக் கழுவவே கூடாது, அந்த வாடை ஏறினால் போகாது. வெறும் தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்தால் போதும்.

கிளாஸுக்கு 2 மேசைக்கரண்டி இனிப்புப் பால் (கண்டென்ஸ்டு மில்க்), அதோடு ஒரு கரண்டி இனிப்பில்லாத எவாபரேட்டட் பால். டின்னை வாங்கும்போது எழுத்தைப் படியுங்கள். கிரிமர் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அதில் செம்பனை எண்ணெய் (பாமாயில்) சேர்ந்திருக்கும், நம் தோட்டத்துக் குலைதான் சுற்றிக்கொண்டு டின்னுக்குள் வந்திருக்கிறது. தே தாரிக்குக்கு அதுவும் ஆகும், ஆனால் எனக்கு முழுப் பால் டின்தான் பிடிக்கும்.

இழுப்பதற்கு இரண்டு பெரிய மங்கு (கைப்பிடிக் குவளை) வேண்டும். முதல் ஊற்றலில் ஒரு சாண் உயரம் போதும், கை பழகப் பழக மேல் மங்கை உயர்த்துங்கள், கண் மட்டும் கீழ் மங்கிலேயே இருக்கட்டும். ஐந்தாறு முறை ஊற்றியதும் நுரையைப் பாருங்கள். குமிழிகள் பெரிதாக எழும்பி படபடவென்று உடைந்தால் இன்னும் இழுக்க வேண்டும். கடுகளவு குமிழியாக, மங்கு விளிம்பில் ஒட்டிக்கொண்டு கீழே வழியாமல் நின்றால் சரி, கிளாஸில் ஊற்றலாம். சூடும் அதற்குள் வாய் தாங்குகிற பதத்துக்கு வந்திருக்கும்.

என் அம்மா பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டப் போகும்போது தூக்குச்சட்டியில் கொண்டுபோனது தே ஓ, அதாவது பால் விடாத தேநீர் மட்டும்தான். பால் விட்டால் மர வரிசையில் வேலை செய்யும்போதே புளித்துப்போகும். டின் பால் தேத்தண்ணி சம்பளம் போட்ட நாளில்தான். அதனால்தான் இதைத் தண்ணீராகப் போட எனக்கு மனசு வருவதில்லை.

ஹாங்காங் முறைக்கு இனிப்புப் பாலை விட்டுவிடுங்கள். அங்கே பல இலங்கைத் தேயிலைகளைக் கலந்து, சாயத்தை அடுப்பில் சூடாகவே வைத்து, நீளத் துணிப்பையில் நான்கைந்து முறை வடிப்பார்கள். சாயம் ஏறிய பை காலுறை நிறத்துக்கு வருவதால் பட்டுக் காலுறைத் தேநீர் என்றே பெயர். முக்கால் கிளாஸ் சாயத்துக்குக் கால் கிளாஸ் எவாபரேட்டட் பால், சர்க்கரை குடிப்பவர் விருப்பம். இதில் நுரை தேவையில்லை, நாக்கில் வழவழப்பு தெரிய வேண்டும்.

தாய்லாந்துத் தேநீருக்கு அவர்கள் தூளே தனி, அந்த ஆரஞ்சு நிறம் தூளில் சேர்த்த வண்ணம்; நம் சாயத்திலும் போடலாம், அந்த நிறம் மட்டும் வராது. இனிப்புப் பாலைச் சூடான சாயத்தில் கரைத்து, கிளாஸ் நிறைய ஐஸ் போட்டு ஊற்றி, எவாபரேட்டட் பாலைக் கடைசியாக மேலே விடுங்கள். ஐஸ் உருகும், அதனால் தூளை ஒரு கரண்டி கூட்டிப் போடுங்கள்.

இந்தியாவில் போடுகிற இஞ்சித் தேநீரில் பசும்பால் தூளோடு சேர்ந்தே கொதிக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை. பச்சை இஞ்சியைத் தட்டி நேராகப் பாலில் போட்டால் பால் திரிந்துவிடும், இஞ்சியில் உள்ள ஒரு நொதி பால் புரதத்தை உடைப்பதுதான் காரணம். தீபாவளிக்கு வந்த விருந்தாளிகள் எட்டுப் பேருக்கு வைத்த பால் எனக்கு அப்படித்தான் போனது. இஞ்சியைத் தண்ணீரில் 5 நிமிடம் கொதிக்கவிட்டு, தூள் போட்டு, கடைசியில் பால் ஊற்றுங்கள். நம் ஊர் இஞ்சித் தேநீரான தே ஹாலியாவுக்கும் இதே வரிசைதான்.

காஷ்மீரின் உப்புத் தேநீரை மட்டும் இந்தச் சாயத்தில் போட முடியாது. பச்சைத் தேயிலையோடு ஒரு சிட்டிகை சோடா உப்பு சேர்த்து வெகுநேரம் கொதிக்கவைத்து, குளிர்ந்த நீர் தெளித்து, கரண்டியால் அள்ளி அள்ளி ஊற்றினால் காற்றுப் பட்டுச் செக்கச்சிவப்பாகும். பால் விட்டதும் ரோஜா நிறம். அவர்களும் ஒரு விதத்தில் இழுக்கத்தான் செய்கிறார்கள்.

சாயம் மீந்தால் மறுநாள் பால் ஊற்றிச் சூடு பண்ணாதீர்கள், கசக்கும். மீந்ததைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, மதியம் செம்பனைக்காட்டிலிருந்து வேர்த்து வருகிறவர்களுக்கு ஐஸும் சர்க்கரையும் போட்டு ஒரு கசத்தூரிக்காய் (சின்ன எலுமிச்சை வகை) பிழிந்து கொடுங்கள்.