நட்பு ஒப்பந்தத்தை எப்படிப் படிப்பது?

கோத்தகிரியில் போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு மாலையில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். ஒப்பந்தம் என்றாலே தேதியையும் ஊரையும் மனப்பாடம் செய்ய ஆரம்பித்துவிடுகிறார்கள். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். சோவியத் ரஷ்யாவும் துருக்கியின் அங்காரா நகரில் இயங்கிய தேசியப் பேரவையும் செய்துகொண்ட 1921 மார்ச் 16 மாஸ்கோ ஒப்பந்தத்தை வைத்தே முறையைச் சொல்கிறேன்.

முதலில், கையெழுத்திட்டவர்கள் அன்றைக்கு என்ன நிலையில் இருந்தார்கள் என்று பாருங்கள். லெனினின் அரசை பிரிட்டனும் பிரான்சும் ஏற்கவில்லை. துருக்கியத் தேசியவாதிகளின் தலைவர் முஸ்தபா கெமாலின் பேரவை அங்காராவில் இயங்க, இஸ்தான்புல்லில் சுல்தான் இன்னும் அரியணையில் இருந்தார். இருவருக்கும் தேவை ஒன்றுதான்: நீதான் உண்மையான அரசு என்று யாராவது சொல்ல வேண்டும்.

அப்புறம் முதல் பிரிவுக்கு வாருங்கள். அங்காரா பேரவை ஏற்காத, துருக்கி பற்றிய எந்தச் சர்வதேச ஆவணத்தையும் ரஷ்யா ஏற்காது என்கிறது அது. ஓரத்தில் பென்சிலால் ‘செவ்ர், 1920 ஆகஸ்ட் 10’ என்று எழுதுங்கள். சுல்தானின் ஆட்கள் கையெழுத்திட்டு நாட்டைத் துண்டுபோடச் சம்மதித்த ஒப்பந்தம் அது. அந்தக் கையெழுத்து செல்லாது என்று மாஸ்கோ சொல்லிவிட்டது. எட்டாம் பிரிவையும் விடாதீர்கள். அடுத்தவர் நாட்டுக்கு நாங்களே அரசு என்று உரிமை கோரும் குழுக்களுக்குத் தங்கள் மண்ணில் இடம் தருவதில்லை என்று இருவரும் உறுதி தருகிறார்கள். நட்புக்கு அடியில் இருக்கும் பயம் அங்கேதான் தெரியும்.

சரி, இப்போது வரைபடத்தை விரியுங்கள். கார்ஸ், அர்தகான் துருக்கிக்கு, பாத்தும் ஜார்ஜியாவுக்கு, நக்சிவான் அஜர்பைஜானின் பாதுகாப்பில் தன்னாட்சிப் பகுதி. இந்த எல்லையால் நேரடியாகப் பாதிக்கப்பட்டது ஆர்மீனியா; மாஸ்கோவில் கையெழுத்திட்டவர்களில் அது உண்டா? இல்லை. அதே ஆண்டு அக்டோபர் 13 அன்று கார்ஸ் நகரில்தான், அதுவும் சோவியத் குடியரசாக, இதே எல்லைக்கு ஒப்புதல் தந்தது.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். என் வகுப்பில் பலருடைய தாத்தா பாட்டி 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து இந்த மலைக்கு வந்தவர்கள். அங்கே இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகள் எண்ணிப் பிரித்துக்கொண்டன. டான்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்த ஒரு மாணவி, கார்ஸ் பற்றிப் படித்ததும், “அங்க இருந்த சனங்கள யாராச்சும் கேட்டாங்களா சார்?” என்றாள். எந்த ஒப்பந்தத்தைப் படித்தாலும் அந்தக் கேள்வியை எழுதிவைத்துக்கொண்டு படியுங்கள்.

அடுத்து, அதே தேதியில் வேறு எங்கே கையெழுத்திட்டார்கள் என்று தேடுங்கள். 1921 மார்ச் 16 அன்றே லண்டனில் பிரிட்டனோடு சோவியத் ரஷ்யா வணிக ஒப்பந்தம் செய்தது. ஆசியாவில், குறிப்பாக இந்தியாவிலும் ஆப்கானிஸ்தானிலும், பிரிட்டனுக்கு எதிராகப் பிரசாரம் செய்வதில்லை என்று அதில் வாக்குக் கொடுத்தது. மாஸ்கோ ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவோ கிழக்கத்திய மக்களின் விடுதலை இயக்கங்களோடு உறவு பேசுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அங்கீகாரத்துக்காக ஓர் அரசு எவ்வளவு தூரம் வளைந்துகொடுக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்பகுதியும் காட்டாது என்பது என் எண்ணம்.

இனி தேதிகளை எழுதிக்கொள்ளலாம். செவ்ருக்குப் பதிலாக வந்த லோசான் ஒப்பந்தம், 1923 ஜூலை 24. சோவியத் ஒன்றியத்துக்கு பிரிட்டனின் அங்கீகாரம், 1924 பிப்ரவரி 1.