பெரிய கெளுத்தி படகோரம் வரை வந்து தப்புவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய கெளுத்தியைத் தவறவிட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள்: "படகுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது, தலையைக்கூடப் பார்த்தேன், அப்புறம் பட்டென்று அறுத்துக்கொண்டு போய்விட்டது." அறுந்தது அந்த நொடியில்தான். ஆனால் அதற்கான தவறு ஒரு மணி நேரம் முன்பே, ஒன்றும் கடிக்காமல் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தபோது நடந்திருக்கும். தங்கூசி எனும் நைலான் தூண்டில் நூலை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்திருக்க மாட்டார்கள். நங்கூரத்தை எந்தப் பக்கம் கட்டுவது என்று யோசித்திருக்க மாட்டார்கள். வலை எதற்கு அடியில் கிடக்கிறது என்றே தெரிந்திருக்காது. இருபது கிலோ கெளுத்தி மாட்டிய பிறகு இதையெல்லாம் தேட நேரம் கிடைக்காது. அதனால்தான் கீழே எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் மீன் கடிப்பதற்கு முன்னால் கவனிக்க வேண்டியவை.

நங்கூரத்தைப் பின்பக்கம் கட்டாதீர்கள்

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. மற்ற தவறுகளால் மீன் போகும், இதனால் ஆளே போகலாம். மோட்டார் இருக்கும் பின்பக்கம் தாழ்வாகவும் தட்டையாகவும் இருக்கும். அங்கே கயிற்றைக் கட்டினால் நீரோட்டம் நேராக அந்தத் தட்டைப் பலகையில் வந்து மோதும், கயிறும் அதைக் கீழே இழுக்கும். ஒரு அலை உள்ளே ஏறிவிட்டால் படகு இன்னும் தாழ்ந்து அடுத்த அலைக்கு வழிவிடும். சிறிய படகு மூழ்க அதிக நேரம் ஆகாது. எப்போதும் படகின் மூக்கில்தான் கட்ட வேண்டும். மூக்கு தண்ணீரைக் கிழிக்கிற வடிவம், ஓட்டம் இரண்டு பக்கமும் பிரிந்து போய்விடும்.

கயிற்றின் நீளத்திலும் கஞ்சத்தனம் கூடாது. ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு விடுங்கள். நாலு மீட்டர் ஆழம் என்றால் இருபதிலிருந்து இருபத்தெட்டு மீட்டர். கயிறு குட்டையாக இருந்தால் நங்கூரம் அடியில் படுத்துப் பிடிக்காமல், நிமிர்ந்து நிமிர்ந்து நழுவிக்கொண்டே வரும். விழுந்து கிடக்கும் மரங்களுக்கு நேர் மேலே நிறுத்துவதும் ஆபத்து. கெளுத்தி அங்கேதான் இருக்கும், அது உண்மை. ஆனால் நங்கூரம் நழுவினால் ஓட்டம் படகை அந்தக் கிளைகளுக்குள் சொருகிவிடும். சற்றுப் பக்கவாட்டில் நிறுத்தி, இரையைச் சாய்வாக வீசுங்கள். கயிற்றை அறுக்க ஒரு கத்தி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

நங்கூரக் கயிற்றின் படகுப் பக்க முனையில் ஒரு பெரிய மிதவையைக் கட்டி வைத்துக்கொள்வது, நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட பாடம். பெரிய மீன் மாட்டியதும் கயிற்றை அவிழ்த்து மிதவையோடு தண்ணீரில் போட்டுவிடலாம். படகு மீனோடு சேர்ந்து கீழே மிதந்து போகும். நங்கூரம் அங்கேயே இருக்கும், பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். இது தெரியாத காலத்தில், ஒரு மாலை நான் பிடித்துக்கொண்டிருந்த மீன் படகைச் சுற்றி முன்னால் போய் நங்கூரக் கயிற்றில் சுற்றிக்கொண்டது. கயிற்றின் முறுக்கில் தங்கூசி உரசுகிற அந்த நறநறப்பு தூண்டில் ராடு வழியாக உள்ளங்கைக்கு வந்தது. இரண்டு மூன்று நொடிதான். பிறகு ராடு கனமில்லாமல் நிமிர்ந்துவிட்டது. இன்றைக்கும் எனக்கு அந்த நறநறப்பு மறக்கவில்லை.

சத்தம்

கெளுத்திக்குக் காது வெளியே தெரியாது, ஆனால் அதன் செவிப்புலன் கூர்மையானது. அதன் காற்றுப்பையையும் உள்காதையும் சின்னச் சின்ன எலும்புகள் இணைக்கின்றன. தண்ணீரில் வருகிற அதிர்வைக் காற்றுப்பை வாங்கி, அந்த எலும்புகள் வழியாகக் காதுக்குக் கடத்துகிறது. நங்கூரத்தைத் தொப்பென்று போடுவது, பெட்டியைத் தரையில் இழுப்பது, செருப்புக் காலோடு தடதடவென்று நடப்பது எல்லாம் கீழே கேட்கும். ஐரோப்பிய ஆறுகளில் ஒரு வழக்கம் உண்டு: வளைந்த கட்டை ஒன்றால் தண்ணீரை அடித்து 'களக் களக்' என்று ஓசை எழுப்பி, அடியில் கிடக்கும் வெல்ஸ் கெளுத்தியை மேலே எழுப்புவார்கள். அந்த ஓசைக்கு எழுந்து வரும் மீனுக்கு உங்கள் டிபன் பெட்டி விழும் சத்தம் கேட்காமல் இருக்குமா? நங்கூரத்தைக் கையால் மெல்ல இறக்குங்கள், இறக்கிய பிறகு கொஞ்ச நேரம் பொறுங்கள்.

அழுகின இரைதான் வேண்டும் என்ற நம்பிக்கை

கெளுத்தி என்றால் நாற்றம் பிடித்தது எதையும் தின்னும் என்று பலர் நினைக்கிறார்கள். மீசையில் மட்டுமல்லாமல் உடம்பின் தோல் முழுக்கச் சுவை மொட்டுகள் கொண்ட மீன் அது. கலங்கல் நீரிலும் இருட்டிலும் அவற்றை வைத்தே இரையைக் கண்டுபிடிக்கிறது. வட அமெரிக்காவின் சேனல் கெளுத்தி வாடை மிகுந்த மாவு உருண்டைகளை எடுக்கும், சரி. ஆனால் பெரிய உடம்பு வளர்க்கிற வகைகள் வேட்டைக்காரர்கள். தட்டைத்தலைக் கெளுத்தி உயிருள்ள மீனைத்தான் அதிகம் தேடும். நீலக் கெளுத்திக்கு ரத்தம் கசிகிற புது மீன் துண்டு வேண்டும். தண்ணீரில் ஊறி வெளுத்துப்போன துண்டை மணிக்கணக்கில் விட்டு வைக்காதீர்கள். அரை மணிக்கு ஒருமுறை மாற்றினால் நல்லது.

இன்னொன்று, இருட்டத் தொடங்கும்போது கிளம்பிவிடுவது. பகலில் மடுவிலும் வேர்களுக்கு அடியிலும் கிடக்கும் பெரிய மீன் இரை தேட வெளியே வருவதே அந்த நேரத்தில்தான். இரவில் தங்குவதானால் பகலில் நன்கு பார்த்துப் பழகிய இடமாக இருக்கட்டும், படகில் விளக்கும் இருக்கட்டும்.

டிராக்கும் தங்கூசியும்

ரீல் என்னும் நூல் சுற்றும் உருளையில், மீன் பலமாக இழுத்தால் நூலை நழுவவிடும் டிராக் என்ற பிடிமானத்தை முழுக்க இறுக்கி வைத்துக்கொண்டு, "பெரிய மீன், விடக் கூடாது" என்று உட்கார்ந்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நூல் எத்தனை கிலோ தாங்குமோ, அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு இழுவையில் டிராக் நழுவ வேண்டும். இருபது கிலோ தாங்கும் நூல் என்றால் ஐந்திலிருந்து ஏழு கிலோவுக்குள். கையால் இழுத்துப் பார்த்து இதைச் சரியாக மதிப்பிட முடியாது. ஒரு ஸ்பிரிங் தராசை நூலில் மாட்டி இழுத்துப் பாருங்கள். ஐந்து கிலோ இழுவை கையில் எவ்வளவு கனமாக இருக்கிறது என்று தெரிந்ததும், பயத்தில் இறுக்குகிற பழக்கம் தானாகவே போய்விடும். மீன் ஓடிக்கொண்டிருக்கும்போது டிராக்கைத் திருகுவது அறுப்பதற்குச் சமம்.

பிரெய்டு எனப்படும் பின்னல் நூல் மெல்லியது, பலமானது. ஆனால் நீளாது, பாறையில் உரசினால் நொடியில் போய்விடும். அதனால் கொக்கிக்கு முன்னால் ஒரு மீட்டர் அளவுக்குத் தடித்த நைலான் தங்கூசியை லீடராகக் கட்டுகிறோம். கெளுத்தியின் வாயில் பெரிய பற்கள் கிடையாது. அரத்தைப் போலப் பொடிப்பொடியாக ஒரு பட்டை இருக்கும், இழுக்க இழுக்க அது லீடரை ராவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மீனுக்கும் பிறகு லீடரின் கடைசி ஒரு சாண் நீளத்தை இரண்டு நகங்களுக்கு நடுவில் வைத்து இழுத்துப் பாருங்கள். வழவழப்பாகப் போனால் சரி. எங்கேயாவது நகம் தட்டினால், வெள்ளையாகப் பிசிறு தெரிந்தால், வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். முடிச்சை இறுக்கும் முன் எச்சிலோ தண்ணீரோ தொட்டு நனைப்பதும் முக்கியம். காய்ந்த நைலானை இறுக்கினால் உரசலின் சூட்டிலேயே அந்த இடம் பலம் இழந்துவிடும்.

கடித்ததும் சுண்டுவது

சாதாரணக் கொக்கிக்குச் சுண்டிப் பழகிய கை, வட்டக் கொக்கியிலும் சுண்டும். கெளுத்திக்குப் பலரும் பயன்படுத்தும் வட்டக் கொக்கியின் நுனி உள்நோக்கித் திரும்பியிருக்கும். மீன் இரையை வாய்க்குள் வாங்கிக்கொண்டு திரும்பி நகரும்போது, கொக்கி தொண்டையில் மாட்டாமல் வழுக்கி வந்து வாயோரத்தில் தானே பிடித்துக்கொள்ளும். நீங்கள் சுண்டினால் வாயிலிருந்து இரையைப் பிடுங்கியதுதான் மிச்சம். ராடு தாங்கியில் இருக்கட்டும். நுனி இரண்டு மூன்று முறை தட்டும், அப்போதும் தொடாதீர்கள். நுனி மெல்ல மெல்லக் குனிந்து, ராடே தண்ணீரைப் பார்த்து வளைந்து நிற்கும்போது எடுத்து, சுண்டாமல் ரீலைச் சுற்றுங்கள். இரையைக் கொக்கி முழுக்க அடைத்துக் குத்துவதும் தவறு. கொக்கியின் நுனியும், நுனிக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியும் வெளியே தெரிய வேண்டும்.

கடைசி இரண்டு மீட்டர்

களைத்த மீன் மேலே வரும்போது, அதற்கு முன்னால் குமிழ்கள் வரும். காற்றுப்பையில் இருக்கும் காற்றை வாய் வழியாக வெளியே விட்டுக்கொண்டு எழும் மீன் அது. கலங்கல் நீரில் திடீரென்று கொத்தாகக் குமிழ்கள் வெடிக்கும், அதற்குப் பின்னால் ஒரு அகலமான தலையின் நிழல் தெரியும். எல்லோரும் எழுந்து ஒரே பக்கம் பாய்வது இந்த நேரத்தில்தான். சிறிய படகு கவிழ்வதற்கும் இதுவே போதும். யார் வலை பிடிப்பது, யார் மறுபக்கம் அசையாமல் உட்காருவது என்று புறப்படும்போதே பேசி வையுங்கள். லைஃப் ஜாக்கெட்டை அடியில் மடித்து வைக்காமல் உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள்.

படகைப் பார்த்ததும் மீன் மறுபடி ஓடும், இரண்டாவது முறையும் ஓடலாம். அதற்கு விட்டுக்கொடுங்கள். ராடைத் தலைக்கு மேல் செங்குத்தாகத் தூக்கினால் சுமை முழுவதும் மெல்லிய நுனிக்குப் போய் ராடு ஒடியும். மீன் படகுக்கு அடியில் புகுந்தால், ராடின் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, படகின் மூக்கையோ பின்பக்கத்தையோ சுற்றி மறுபக்கம் கொண்டுவாருங்கள். வலையை மீனின் மேல் வீசக் கூடாது. வலை முன்பே தண்ணீருக்குள் இருக்க வேண்டும், மீன் தலைப்பக்கமாக அதற்குள் வர வேண்டும். வால்பக்கம் வலை பட்டால் ஒரே துள்ளலில் போய்விடும். எந்த நிலையிலும் தங்கூசியைக் கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள். பெரிய மீனின் ஒரு இழுப்பில் அது விரலின் சதையை அறுத்து உள்ளே இறங்கிவிடும்.

முள்ளும் மீசையும்

மீசை குத்தும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். மீசை மிருதுவானது, ஒன்றும் செய்யாது. குத்துவது முதுகுத் துடுப்பின் முள்ளும், இரண்டு பக்கத் துடுப்புகளின் முட்களும். மிரண்டால் கெளுத்தி அவற்றை விறைப்பாக நிறுத்திப் பூட்டிக்கொள்ளும். பல வகைகளில் அந்த முள்ளில் நஞ்சும் உண்டு. இதில் பெரிய மீனைவிடச் சின்ன மீனிடம்தான் அதிகக் கவனம் வேண்டும், அதன் முள் ஊசியாக இருக்கும். குத்திவிட்டால் நன்றாகக் கழுவி, தோல் வேகாத, பொறுக்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்தால் வலி குறையும். குத்தாத கையால் முதலில் சூட்டைப் பாருங்கள். அதோடு விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். முள்ளின் துண்டு உள்ளே உடைந்து தங்குவதும், ஆற்றுநீர்க் கிருமியால் சீழ் பிடிப்பதும் உண்டு. டெட்டனஸ் ஊசியும் தேவைப்படலாம்.

திரும்ப விடுவதானால்

ஆற்றுக்குப் போகும் முன்பே, எந்த மீனைப் பிடிக்கலாம், எப்போது கூடாது என்ற அங்குள்ள விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். தென்கிழக்கு ஆசியாவின் மீகாங் ஆற்றில் 2005இல் 293 கிலோ எடையில் ஒரு ராட்சதக் கெளுத்தி பிடிபட்டது. இன்றைக்கு அந்த இனமே அழிவின் விளிம்பில் இருக்கிறது. பெரிய கெளுத்தி என்றால் பல வருடம் பிழைத்து வளர்ந்த மீன். பல இனங்களில் ஆண் மீன்தான் கூட்டில் முட்டைகளைக் காவல் காக்கும். அந்தப் பருவத்தில் அதைத் தூக்கிவிட்டால் முட்டைகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.

தாடையிலோ செவுளிலோ பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் படம் எடுக்காதீர்கள். தண்ணீரில் கனமே தெரியாமல் வளர்ந்த உடம்பு அது, மொத்த எடையும் தாடை மூட்டில் தொங்கும். வெயிலில் காய்ந்த பலகையில் கிடத்தினால் தோலின் வழவழப்பு உரிந்துபோகும். செதிலில்லாத மீனுக்கு அந்த வழவழப்புதான் கிருமியிலிருந்து காப்பு. கையை நனைத்துக்கொண்டு, ஒரு கை தாடைக்கும் இன்னொரு கை வயிற்றுக்கும் கொடுத்துக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். 2023இல் இத்தாலியின் போ ஆற்றில் 285 சென்டிமீட்டர் நீள வெல்ஸ் கெளுத்தி கிடைத்தபோது, அதைப் பிடித்தவர் நீளத்தை மட்டும் அளந்தார். மீன் இன்னும் தவித்துவிடக் கூடாது என்று எடை போடாமலே விட்டுவிட்டார்.

விடும்போது தூக்கிப் போட வேண்டாம், முன்னும் பின்னும் ஆட்டவும் வேண்டாம். தலையை நீரோட்டத்தின் பக்கம் திருப்பித் தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டிருங்கள். செவுள் முதலில் பதற்றமாக அடித்துக்கொள்ளும், பிறகு சீராகத் திறந்து மூடத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் வால் ஒருமுறை பலமாக அசைந்து, உங்கள் பிடியிலிருந்து அது தானே போகும். அதன் பிறகு லீடரை எடுத்து நகத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள்.