பனிக்கால டாங்கிக்கு வெள்ளையடித்து, அதைத் தேய்த்து எடுப்பது

டாங்கி மாடல் செய்யும்போது வெள்ளை பழசான மாதிரி தெரிய வேண்டும் என்றால் பளிச்சென்று வெள்ளை அடித்துவிட்டு மேலே அழுக்கைப் பூசுவார்கள். பனிக்கால டாங்கிக்கு இது சரிவராது. 1941-42 குளிர்காலத்தில் ரஷ்யப் போர்முனையில் ஜெர்மன் டாங்கிகளுக்கு அடித்தது பெரும்பாலும் கழுவினால் போகிற வெள்ளை, பிரஷ்ஷோ துடைப்பமோ கைக்குக் கிடைத்ததை வைத்து வீரர்களே பூசியது. ஈரத்தில் கரைந்து, பூட்ஸ் பட்டுத் தேய்ந்து, அடியிலிருந்த கருஞ்சாம்பல் வெளியே வந்தது. நாமும் அதே வரிசையில் போனால்தான் உண்மையாக இருக்கும்.

அசலில் 35-ல் ஒரு பங்கு அளவுள்ள (1/35) பான்சர் 3 என்ற ஜெர்மன் டாங்கி மாடல் என்று வைத்துக்கொள்வோம். முதலில் டாமியா கம்பெனி பெயிண்டில் எக்ஸ்எஃப்-63 என்ற கருஞ்சாம்பல், நன்றாகக் காய்ந்ததும் லேசாகப் பளபளக்கும் சாட்டின் வார்னிஷ். இதைத் தவிர்க்காதீர்கள், பிறகு தேய்க்கும்போது சாம்பலைக் காப்பாற்றுவது இதுதான். அப்புறம் சாதாரண ஹேர்ஸ்ப்ரே (தண்ணீர் பட்டால் இது இளகும், அதனால்தான் மேலே அடிக்கும் வெள்ளை தேய்த்தால் வரும்), ஓரடி தள்ளிப் பிடித்து லேசாக இரண்டு கோட், காய 20 நிமிடம்.

வெள்ளைக்கு எக்ஸ்எஃப்-2, அதில் துளி பஃப் (வெளிர் மணல் நிறம்) கலந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இவ்வளவு சின்ன மாடலில் சுத்த வெள்ளை கண்ணைக் குத்தும். தண்ணீர் விட்டு நீர்த்து, ஏர்பிரஷ்ஷில் மெல்லிசாக, சில இடங்களில் திட்டுத்திட்டாக அடியுங்கள். லாக்கர் தின்னர் மட்டும் வேண்டாம், அது ஹேர்ஸ்ப்ரேயையே கரைத்துவிடும்.

அரை மணி நேரத்துக்குள் தேய்க்க ஆரம்பித்துவிட வேண்டும். நான் ஒரு தடவை ராத்திரி அடித்துவிட்டுக் காலையில் உட்கார்ந்தேன், பாதி வெள்ளை அசையவே இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரால் ஒரு பகுதியை மட்டும் நனைத்து, ஒரு நிமிடம் விட்டு, முடி கட்டையான பழைய பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தேயுங்கள், கீறல்களுக்குப் பல்குச்சி. எங்கே தேய்ப்பது என்பதில்தான் மாடலின் உயிரே இருக்கிறது: ஆள் ஏறி இறங்கும் ஃபெண்டர் (சங்கிலிச் சக்கரத்துக்கு மேலுள்ள தகடு), ஹேட்ச் (ஆள் நுழையும் மூடி) விளிம்பு, கருவிப்பெட்டி மூடி எல்லாம் அதிகம் தேய்ந்திருக்கும், டரட் (பீரங்கி பொருத்திய சுழலும் மேல்கூண்டு) பக்கவாட்டிலும் கை எட்டாத மூலைகளிலும் வெள்ளை தங்கியிருக்கும். வேண்டியதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திக்கொள்ளுங்கள், போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

மறுநாள் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ். அது காய்ந்த பிறகு ஆயில் பெயிண்டில் வெள்ளை, பஃப், காவி என்று ஊசிமுனைப் புள்ளிகள் வைத்து, ஆயில் பெயிண்டைக் கரைக்கும் வைட் ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்த தட்டை பிரஷ்ஷால் கீழ்நோக்கி இழுத்தால் மழை வழிந்த கோடுகள் வரும். இடுக்குகளில் ஓடவிடும் நீர்த்த பெயிண்டான வாஷுக்குக் கறுப்பைத் தொடாதீர்கள், வெள்ளைமேல் அது பேனாவால் கோடு போட்டதுபோல் நிற்கும், பழுப்பு கலந்த சாம்பல் போதும்.