வீட்டு விசேஷத்துக்குக் காம்பாக்ட் கேமரா: இந்தத் தவறுகள் வேண்டாம்

சட்டைப் பையில் அடங்கும் பழைய காம்பாக்ட் கேமராக்களுக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறது. பீரோவில் கிடந்ததைத் துடைத்து எடுத்துக்கொண்டு வருகிறவர்களை விசேஷ வீடுகளில் இப்போது அடிக்கடி பார்க்கிறேன். போட்டோ எடுக்கும் தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் செய்த அதே தவறுகளைத்தான் அவர்களும் செய்கிறார்கள். பேட்டரியை சார்ஜ் போடுங்கள், லென்ஸில் விரல் படாமல் பிடியுங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. எடுக்கும்போது தெரியாமல், வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்க்கும்போது வயிறெரிய வைக்கும் விஷயங்கள் மட்டும்தான்.

மெகாபிக்சலைப் பார்த்து வாங்குவது

6-க்கு 4 இஞ்ச் பிரிண்டுக்கு இரண்டு மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். 12-க்கு 8 போட்டாலும் ஒன்பதுக்குள் அடங்கிவிடும். கடையில் கேட்க வேண்டியது சென்சார் அளவை, அதாவது வெளிச்சத்தைப் படமாகப் பதியும் சில்லின் அளவை. விலை குறைந்த காம்பாக்ட்டுகளில் பெரும்பாலும் இருப்பது ‘1/2.3 இஞ்ச்’ என்று பெயருள்ள சென்சார், உண்மையில் சுமார் 6.2-க்கு 4.6 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. சோனி ஆர்எக்ஸ்100 போன்றவற்றில் உள்ள ‘1 இஞ்ச்’ சென்சாரின் பரப்பு இதைப்போல நான்கு மடங்கு. இன்றைய நல்ல போன்கள் பலவற்றின் மெயின் கேமராவில்கூட 1/2.3-ஐ விடப் பெரிய சென்சார்தான் இருக்கிறது. அதனால் வெளிச்சம் குறைந்த இடத்தில் மலிவான காம்பாக்ட் போனிடம் தோற்கும். இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

இருட்டான இடத்தில் ஜூம் போடுவது

எத்தனை பேருக்குச் சொன்னாலும் தீராத தவறு இது. இன்னமும் பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

ஒரு குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் மொட்டையடித்த குழந்தை, சந்தனம் காயவில்லை. தலைக்கு மேலே ஒரே ஒரு ட்யூப்லைட். குழந்தையின் அப்பா கூட்டத்துக்குப் பின்னால் நின்று, ஜூம் நெம்பைக் கடைசிவரை தள்ளி, லென்ஸ் முழுசாக வெளியே நீண்டிருக்க, எடுத்துக்கொண்டே இருந்தார்.

“முன்னாடி வாங்க, கிட்டக்க நின்னு எடுங்க” என்றேன்.

“மறைக்குமேண்ணே... அதான் பன்னெண்டு எக்ஸ் இருக்குல்ல” என்றார்.

ஆசாரி ஊசியை எடுத்தார், குழந்தை வீறிட்டது, முடிந்தது. அப்பா எடுத்த படங்களில் குழந்தையின் வாய் இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு தீற்றல். தாய்மாமனின் சட்டைப் பித்தான் ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரிந்தது. முதல் குழந்தையின் காதுகுத்தை இன்னொரு தடவை வைக்க முடியுமா?

நடந்தது இதுதான். இந்த வகைக் கேமராவில் ஜூமை நீட்ட நீட்ட லென்ஸுக்குள் வரும் வெளிச்சம் குறையும். கேனன் இக்ஸஸ் 285-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 12 மடங்கு ஜூம், நீட்டாதபோது எஃப் 3.6, முழுசாக நீட்டினால் எஃப் 7 (இந்த எஃப் எண் ஏற ஏற லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம் குறையும்). வெளிச்சம் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. நீட்டாமல் நொடியில் 30-இல் ஒரு பங்கில் எடுக்க முடிந்த படத்துக்கு, நீட்டிய பிறகு 8-இல் ஒரு பங்கு தேவைப்படும். அவ்வளவு நேரம் எந்தக் குழந்தை அசையாமல் இருக்கும்? கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி கேமராவில் இருக்கிறது என்பார்கள். அது உங்கள் கை ஆடுவதற்கு மட்டும்தான். எதிரே இருப்பவர் அசைவதை அது நிறுத்தாது. கேமரா தானாக ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, ஏற்றினாலோ, இவ்வளவு சின்ன சென்சாரில் முகத்துக்கு மெழுகு பூசியது மாதிரி ஆகிவிடும். ஃப்ளாஷும் கைகொடுக்காது. நீட்டாதபோது மூன்று நான்கு மீட்டர் எட்டும் வெளிச்சம், நீட்டினால் ஏறக்குறைய பாதித் தூரம்தான். நான்காவது வரிசையிலிருந்து ஃப்ளாஷ் அடித்தால் முன்னால் நிற்பவரின் பிடரிதான் பளிச்சென்று விழும்.

ஜூமை உள்ளே இழுத்துவிட்டு இரண்டு மீட்டருக்குப் போய் நில்லுங்கள். நீட்டாதபோது 25 மில்லிமீட்டர் என்று சொல்லப்படும் இந்த லென்ஸில் அந்தத் தூரத்திலிருந்து கிட்டத்தட்ட மூன்று மீட்டர் அகலம் விழும்; தாய்மாமன், குழந்தை, ஆசாரி, பக்கத்தில் கண்கலங்கி நிற்கும் அம்மா வரை அடங்கும். ஓரத்தில் நிற்பவர்கள் கொஞ்சம் அகன்று தெரிவார்கள், முக்கியமானவர்களை நடுவில் வையுங்கள். ஆட்டோவை நம்பாமல் ஃப்ளாஷை நீங்களே ஆன் செய்யுங்கள், அந்த இடத்தில் அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டு. காம்பாக்ட்டில் உள்ள செனான் ஃப்ளாஷ் கண் சிமிட்டுவதற்குள் அடித்து முடிந்துவிடும். ஓடுகிற குழந்தையைக்கூட நிறுத்திப் பிடிக்கும். போனின் எல்இடி விளக்கால் அது முடியாது. காம்பாக்ட் வைத்திருப்பதன் பெரிய லாபமே அதுதான்.

ஜூமே வேண்டாம் என்று சொல்லவில்லை. பள்ளி விளையாட்டு விழாவில், காலைப் பத்து மணி வெயிலில், மைதானத்தின் அந்தப் பக்கம் ஓடும் மகளை எடுக்க அதுதான் சரியான கருவி. அங்கே சாதாரண போன் பக்கத்தில்கூட வர முடியாது.

பட்டனை ஒரே அழுத்தாக அழுத்துவது

பட்டனுக்கு இரண்டு நிலை உண்டு. பாதி அழுத்தினால் ஃபோகஸ் ஆகும், மீதியையும் அழுத்தினால் படம் விழும். ஒரேயடியாக அழுத்தினால் கேமரா ஃபோகஸ் தேடி முடிப்பதற்குள் மூன்றாவது முடிச்சும் விழுந்திருக்கும். மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கும்போதே பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள்.

டிஜிட்டல் ஜூம்

லென்ஸ் நீளாமல், படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது மட்டும்தான் இது. மெனுவுக்குப் போய் அணைத்துவிடுங்கள்.

தேதியைச் சரிபார்க்காமல் விடுவது

ரொம்ப நாள் சும்மா கிடந்த கேமராவில் கடிகாரம் பழைய தேதிக்குப் போயிருக்கும். விசேஷத்துக்கு முந்தைய நாளே சரிசெய்யுங்கள்.

கடற்கரையில் மணல்

மண்டபத்தில் செய்வது மாதிரி கேமராவைத் தரையில் வைப்பதையெல்லாம் கடற்கரையில் செய்யாதீர்கள். உள்ளே போய் வெளியே வரும் லென்ஸ் குழாய்தான் இந்தக் கேமராவின் பலவீனமான உறுப்பு. இடுக்கில் நாலு மணல் துகள் சிக்கினால் போதும், பாதியில் நின்றுகொண்டு லென்ஸ் எரர் காட்டும். கையால் இழுத்தால் பல்சக்கரம் போய்விடும். பழுது பார்க்கும் செலவில் வேறொரு பழைய கேமராவே வாங்கிவிடலாம். ராமேஸ்வரமோ மெரினாவோ, மணலில் இருக்கும்போது கையிலேயே பிடித்திருங்கள். வேட்டி மடிப்பிலும் ஹேண்ட்பேக்கிலும் போடாதீர்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போதும் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் குழாயைத்தான். பத்துத் தடவையாவது ஆன், ஆஃப் செய்து பாருங்கள். ஒரு தடவை தயங்கி நின்றாலும் பணத்தை எடுக்காதீர்கள்.